ஜெர்மன் பி1: பேச்சுத் தேர்வை இரண்டாம் முறை சந்தித்தபோது

சேலம் அம்மாப்பேட்டையில் குடியிருந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்தபடியே ஜெர்மன் மொழியில் பி1 நிலையைத் தேறிய அனுபவத்தை, அதே முயற்சியில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. பி1 அவற்றுள் மூன்றாவது. ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனம் நடத்தும் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 60 எடுத்தால் தேர்ச்சி. தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம் என்பது வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். எனக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டது, ஏனெனில் முதல் முறை நான் பேசுதலில் தவறினேன்.

காரணம் நான் படித்த முறை. இலத்தீன், பண்டைக் கிரேக்கம் போன்ற செம்மொழிகளிலிருந்து வேறுபடுத்தவே, இன்று மக்கள் வாயில் வழங்கும் மொழிகளை நவீன மொழிகள் என்று கல்வியுலகம் அழைக்கிறது. (நம் தமிழ் இந்த இரண்டு வரிசையிலும் உட்காரும்.) ஆனால் பள்ளிகளில் அவையும் நெடுங்காலம் இலத்தீனைப் போலவே இலக்கண அட்டவணையும் மொழிபெயர்ப்புமாகத்தான் கற்பிக்கப்பட்டன. பேச்சொலியிலிருந்து தொடங்க வேண்டும் என்று வில்ஹெல்ம் ஃபியேட்டோர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882இல் ஒரு சிறு நூல் எழுதி வாதாடினார். நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் நான் அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால் என்று தூக்கத்திலும் சொல்வேன். கேட்ட கேள்விக்கு வாய் திறக்க வரவில்லை.

இரண்டாம் முறைக்கு வழியை மாற்றினேன். ஞாயிறுதோறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போய், அதே தேர்வுக்குப் படிக்கும் தோழியுடன் இரண்டு மணி நேரம் ஜெர்மனில் மட்டும் பேசினேன். முதலில் ஒலிகள். ‘இ’ சொல்லும் நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘உ’வுக்குக் குவித்தால், ஐந்துக்கான ஜெர்மன் எண்ணுப்பெயரில் வரும் உயிரொலி கிடைத்துவிடுகிறது. ஆலோசனைக்கும் சக்கரத்துக்கும் உரிய ஜெர்மன் சொற்கள் எழுத்தில் வேறு, ஒலியில் இரண்டுமே ‘ராட்’ என்பதைக் காதால்தான் பிடிக்க முடிந்தது. காரணம் சொல்லும் ‘வைல்’ வந்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும் என்ற விதி பலரைத் தடுமாற வைப்பது. வினையை இறுதியில் வைத்தே பேசி வளர்ந்த எங்களுக்கு அது மிக எளிதாக வந்தது. இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

பேசுதல் தேர்வு இருவர் இருவராக நடக்கும். இருவருக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம்தான். முதலில் ஒன்றைச் சேர்ந்து திட்டமிட வேண்டும், பிறகு ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டும், அதன்பின் மற்றவர் பேச்சைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். சென்னையில் எனக்கு இணையாக வந்த பெண் நடுவில் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டார். “சனிக்கிழமை உங்களுக்கு வசதிப்படுமா?” என்று ஜெர்மனில் கேட்டேன், அவர் மூச்சு விட்டு, “படாது, ஏனென்றால் எனக்கு வேலை இருக்கிறது” என்று வினையைக் கடைசியில் வைத்துப் பதில் சொன்னார். 81 மதிப்பெண் வந்தது. இப்போது ஏற்காட்டுத் தோழியும் நானும் பி2வுக்குப் படிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துப் பயணம் தொடர்கிறது.