நறநற

மே 6, திங்கள்
அப்பாவுக்கு ரேடியேஷன் 9 முடிஞ்சது. வீட்டுக்கு வந்து செருப்பக் கூட கழட்டல, அப்பா மாம்பழ ஐஸ்கிரீம் கேட்டாரு. கடைல வாங்கியாரேன்னேன். "கடையுது வேண்டாம் கண்ணு, நீ சின்னதுல டம்ளர்ல ஈர்க்குச்சி சொருகி வெப்பியே, அது மாதிரி." அது வெறும் சக்கரத் தண்ணிப்பா. அதெல்லாம் அவருக்கு ஞாபகம் இல்ல.

மே 7
10. ரெண்டு இமாம் பசந்த், அரை லிட்டர் பால், சக்கர, மிக்ஸில ஒரு சுத்து. ஃப்ரீசர்ல வெச்சாச்சு. இவ்ளோதான?

மே 8
இவ்ளோ இல்ல. செங்கல்லு. கத்தி எறங்கல, கரண்டி வளைஞ்சுருச்சு. சுரண்டி வாயில போட்டா நறநறன்னு ஐஸ் துண்டு. புண்ணான அந்த வாய்க்கு இது கண்ணாடித் தூள். குடுக்கல. கேட்டாரு, இன்னும் உறையலன்னு பொய் சொன்னேன்.

மே 9
12. ராகிக்கூழ் அரை டம்ளர். எடை 58.4.

மே 10
ராத்திரி பூரா இதான் படிச்சேன். பாலு நூத்துக்கு 87 பங்கு தண்ணி, மாம்பழமும் ஏறக்குறைய அப்படித்தான். மெதுவா உறைஞ்சா அந்தத் தண்ணி பெரிய பெரிய படிகமா நிக்கும், வேகமா உறைஞ்சா பொடிசா நிக்கும், நாக்குக்கே தெரியாது. அதனால பழக்கூழ அடுப்புல சிம்ல வெச்சு கிண்டிக் கிண்டி அரைக் கிலோவ முந்நூறு கிராமுக்குக் கொண்டாந்தேன், அடிப்பிடிச்சிருமோன்னு பயந்துகிட்டே. பால் வேண்டாம்னு க்ரீமும் மில்க்மெய்டும் சேத்தேன். முக்கா மணிக்கொரு தடவ வெளிய எடுத்து முள்கரண்டியால கலக்கணும். நாலாவது தடவ கலக்கறப்போ கரண்ட் போச்சு. மூணு மணி நேரம். எளகி மறுபடி உறைஞ்சா படிகம் இன்னும் பெருசாகுமாம். ஃப்ரீசர் கதவத் தொறக்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட கத்துனேன், பாவம் அம்மா.

மே 11, சனி
இன்னைக்கு லீவு. மறுபடி முதல்லருந்து. இந்த தடவ வழவழன்னு வந்துச்சு, ரெண்டு தடவ நாக்குல வெச்சுப் பாத்தேன், நறநற இல்ல, மஞ்சளா வெண்ணெ மாதிரி. ஒரு ஸ்பூன் குடுத்தேன். கண்ண மூடுனாரு. நல்லாருக்கு போலன்னு நெனச்சா, கை நாற்காலியப் புடிச்சிருக்கு. எரியுதுன்னு சைகை. மாம்பழத்துல புளிப்பு இருக்கில்ல. எவ்ளோ இனிச்சாலும் உள்ள இருக்கில்ல. அஞ்சு நாளா படிகம் படிகம்னு அலைஞ்சேனே, புளிப்ப ஒரு தடவையாவது யோசிச்சனா? "மோரே எரியுதுங்கறாரு, உனக்கு இது தெரியாதா"ன்னாங்க அம்மா. திட்டக் கூட இல்ல, சாதாரணமாத்தான் சொன்னாங்க, அதான் தாங்கல.

மே 12
மீதி ஐஸ்கிரீம நானும் அம்மாவும் தின்னோம். ருசின்னா அப்படி ஒரு ருசி. எரிச்சலா வந்துச்சு.

மே 14
15. சப்போட்டா. புளிப்பே கிடையாது, ஆனா நல்லா கனியணும், காய்வெட்டா இருந்தா துவர்ப்பு நாக்கப் புடிச்சிரும். ஆறு வாங்கிட்டு வந்து அழுத்திப் பாத்ததுல ஒண்ணு கூட தேறல. அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்.

மே 16
17. ஃப்ரீசர நம்பி பிரயோஜனமில்ல. பழைய தூக்குச்சட்டிய எறக்குனேன், மூடி இறுக்கமா இருக்கறது. அதுல சப்போட்டா, க்ரீம், மில்க்மெய்டு. அதப் பெரிய அண்டாக்குள்ள வெச்சு சுத்தி மூணு கிலோ ஐஸ ஒடச்சுப் போட்டு, ஒரு கிலோ கல்லுப்பு. உப்பு பட்டா ஐஸ் உருகுது, ஆனா பூஜ்யத்துக்குக் கீழ எங்கயோ போயிருது, ஃப்ரீசர விட வேகமா சூட்ட உறிஞ்சுது. கைப்பிடியப் புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிகிட்டே இருக்கணும், அப்பதான் ஓரத்துல ஒட்டறது உள்ள கலக்கும். இருவது நிமிஷத்துல தோள்பட்ட போச்சு. அப்பா நாற்காலிலருந்து பாத்துகிட்டே இருந்தாரு. "கொண்டா இங்க." வேண்டாம்பான்னா கேக்கல. பத்து திருப்பு திருப்புனாரு, எண்ணுனேன். அண்டா வெளிய வெள்ளையா பனி பூத்துச்சு, அதுல வெரலால கோடு போட்டாரு.

நாலு ஸ்பூன்!!

மே 17
18. "ருசி ஒண்ணும் தெரியல கண்ணு. ஜில்லுனு இருக்கு, அது போதும்." அஞ்சு ஸ்பூன். காலையில மருந்து முழுங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வெச்சா தொண்டை கொஞ்சம் மரத்துப்போகுதாம்.

மே 20
19. 56.9. டாக்டர் மூக்கு வழியா ட்யூபுங்கறாரு. புதன் வரைக்கும் பாப்போம்னாரு. அண்ணன் போன் பண்ணி உடனே போட்டுரு, ஏன் யோசிக்கற-ங்கறான். அவனுக்கென்ன, பெங்களூர்ல இருந்துகிட்டு. க்ரீம்ல கொழுப்பு, மில்க்மெய்டுல சக்கர, கணக்குப் போட்டா ஒரு கப்புல கூழ விட நெறைய இருக்கு. மூணு கப்பு எறங்கிட்டா? மூணு எறங்குமா?

மே 21
20. உப்புத்தண்ணி மூடி வழியா உள்ள எறங்கிருச்சு. அத்தனையும் கடல். அழுது முடிச்சிட்டு, மூடிக்கு மேல ப்ளாஸ்டிக் கவர் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு மறுபடி. அம்மா திருப்புனாங்க. ஒண்ணே கால் கப்பு.

மே 22, புதன்
விடிகாலை நாலு மணி. தூக்கம் வரல. பானைல இன்னும் ரெண்டு சப்போட்டா இருக்கு. ஒண்ணு கனிஞ்சிருச்சு, இன்னொண்ணு சாயங்காலத்துக்குள்ள