மட்டக்களப்பில் சைக்கிள் ஓட முதலில் காற்றைப் பாருங்கள்

மட்டக்களப்பைச் சுற்றி ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பாலங்களின் முதுகைத் தவிர எல்லாம் மட்டம். அதை நம்பித்தான் புதிதாக ரேஸ் சைக்கிள் வாங்கியவர்கள் தூரத்தை மட்டும் கணக்குப் பார்த்து வெளிக்கிடுகிறார்கள். போகும் 20 கிலோமீற்றரும் பறக்கும். திரும்பும் 20இல் மணிக்கு 16ஐ எட்டவே மூச்சு முட்டும். போகையில் முதுகைத் தள்ளிய காற்று வருகையில் முகத்தில் அடிக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊரில் எந்த வீதியால் போவது என்பது இரண்டாவது கேள்வி. எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்பதுதான் முதலாவது.

மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் இறங்குவதுதான் அது. வியர்வை தெரியாமலே உடம்பு வற்றிப்போகும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை, பெரும்பாலும் மழையோடு. இடைப்பட்ட மாதங்களில் காலையில் காற்று மெல்லியது, வெயில் ஏறியபின் கடற்காற்று வரும்.

இனி நிலத்தைப் பாருங்கள். ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றருக்கு வாவி நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே பொழுது படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் மதிலும் தென்னையும் நெருங்கி நிற்பதால் பிரதான வீதியில் காற்று உடைந்துதான் வரும். படுவான்கரை முழுக்க வயல்வெளி. காற்றை மறிக்க ஒரு பனைகூட இல்லாமல் கிலோமீற்றர் கணக்கில் ஓடவேண்டியிருக்கும். ஆகவே எதிர்காற்றை எழுவான்கரையில் வாங்குங்கள், படுவான்கரையை முதுகுக்காற்றில் ஓடுங்கள். கீழே சொல்லும் சுற்று இரண்டையும் இந்தக் கணக்கில்தான் திசை பார்த்துப் போட வேண்டும்.

முதலாவது, மண்முனைச் சுற்று. ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒரு காலைப்பொழுதுக்கு இதைவிட நல்ல சுற்று இந்தப் பக்கம் கிடையாது. கச்சான் காலத்தில் காந்திப் பூங்காவில் தொடங்கி, அரசடியால் கல்லடிப் பாலம், நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கே இறங்க வேண்டும். தாழங்குடாப் பக்கத்தில் மண்முனைப் பாலத்துக்கான வீதி வலப்புறம் பிரியும். வாவியைக் கடந்தால் மகிழடித்தீவு, பிறகு கொக்கட்டிச்சோலை. அங்கிருந்து வடக்கே வவுணதீவு வந்து, வலையிறவுப் பாலத்தால் நகருக்குள் நுழையலாம். தென்மேற்குக் காற்று வயல்வெளி முழுக்க உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். வாடைக் காலத்தில் இதையே தலைகீழாக ஓடுங்கள்: வலையிறவால் வெளியேறி, திறந்த வெளியில் காற்றோடு தெற்கே போய், வீடுகளின் மறைவில் கல்லடிக்குத் திரும்புங்கள்.

திசை மாறினால் வேறு இரண்டும் மாறும். தெற்கே போய் மண்முனைக்குத் திரும்பும்போது கல்முனை வீதியை வலப்புறமாக வெட்ட வேண்டும். பின்னால் வரும் பஸ் உங்கள் கையைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் என்று எண்ணாதீர்கள். இடது ஓரத்தில் நின்று, இரண்டு பக்கமும் வெளித்த பிறகு கடவுங்கள். மறுதிசையில் அது வெறும் இடது திருப்பம். மற்றது, வெளிக்கிடும் நேரம். எழுவான்கரையால் தொடங்கினால் தெருவிளக்கு உண்டு, காலை 5.15க்கே போகலாம். வலையிறவால் தொடங்கினால் நன்றாக விடியட்டும். படுவான்கரையின் மேற்கு ஓரங்களில் யானை நடமாட்டம் இருக்கிறது, மாடும் எருமையும் வீதியிலேயே படுத்திருக்கும். கறுத்த எருமை கறுத்த காப்பட் வீதியில் படுத்திருந்தால் பத்து அடி கிட்டப் போனால்தான் தெரியும்.

கல்லடியில் இரண்டு பாலங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், அதன் அருகே 2013இல் திறந்த புதிய பாலம். புதியதில் பக்கக்காற்றோடு ஒரு ஆபத்து இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே ஏறுங்கள். கச்சான் நாளில் தெற்கே போனால் காற்று வலப்புறம் வாவியிலிருந்து அடிக்கும். விழாமல் இருக்க உடம்பு தன்னாலே வலப்பக்கம் சாயும். அந்த நேரம் பஸ் ஒன்று முந்தினால் அது ஒரு கணம் காற்றை மறிக்கும். சாய்ந்த உடம்பைத் தாங்கக் காற்று இல்லை, சைக்கிள் பஸ்ஸை நோக்கி இழுபடும். பஸ் கடந்ததும் காற்று திரும்ப அடித்து இடப்பக்கம் தள்ளும். இதற்கு மருந்து: பின்னால் இரைச்சல் கேட்டவுடன் ஹேண்டிலைக் கீழே பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, இடது விளிம்பிலிருந்து ஒரு முழம் விட்டு ஓடுவது. விளிம்போடு ஒட்டி ஓடினால் அந்த இரண்டாவது தள்ளலுக்கு இடமில்லை. ஆழமான ரிம் போட்ட சில்லுகள் இந்த ஊருக்கு வேண்டாம்.

காத்தான்குடியில் நடுவில் பேரீச்சை நிற்கும் பகுதியைக் காலை 6.30க்கு முன் தாண்டிவிடுங்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓட்டோ, கடைக்குச் சாமான் இறக்கும் லொறி எல்லாம் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அந்த வழியைத் தவிர்ப்பது எல்லோருக்கும் நல்லது.

தண்ணீர் மணிக்கு 750 மில்லிலீற்றர், கச்சானில் ஒரு லீற்றர். ஃபார்மசியில் கிடைக்கும் ஜீவனி (வற்றிய உடம்புக்கான உப்பு, சர்க்கரைத் தூள்) ஒரு பைக்கற்றைப் பைக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து ஒரு போத்தலில் வையுங்கள், மற்றதில் வெறும் தண்ணீர். கொக்கட்டிச்சோலையில் தேத்தண்ணிக் கடை இருக்கிறது, தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் நிழலும் இருக்கிறது. அங்கிருந்து வவுணதீவு வரை கடைகள் ஐதானவை. போத்தலை நிரப்பாமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது.

மாரியில் இந்தச் சுற்று நாளுக்கு நாள் மாறும். வாவி நிரம்பினால் வவுணதீவுப் பக்கத்துத் தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் ஏறும். பாலமீன்மடுவில் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் பாய்ந்து வாவி இறங்கும். அதனால் வெளிக்கிட முன் “முகத்துவாரம் வெட்டியாச்சா?” என்று மீன்காரர் யாரிடமாவது கேளுங்கள், வானிலை அறிக்கையைவிட அது உதவும். தண்ணீர் ஓடும் வீதியில் முழங்கால் அளவு என்று நினைத்து இறங்காதீர்கள். ஓரம் எங்கே அரித்திருக்கிறது என்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது.

அறுவடைக் காலத்தில் தொல்லை வேறு வகை. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பர். வீதியில் பாதிக்கு நெல் காயும். நெல்லின்மேல் பிரேக் பிடித்தால் சில்லு வழுக்கும், அதைவிட அது ஒரு குடும்பத்தின் உழைப்பு. எதிர்ப்பக்கம் வெளிக்கும் வரை நின்று, சுற்றிப் போங்கள். வெட்டு மெஷின் வயலிலிருந்து வீதிக்கு ஏறும் இடங்களில் சேறு காய்ந்து கட்டியாக இருக்கும், மழை தூறினால் சவர்க்காரம் போலாகும்.

டயர் 28 மில்லிமீற்றர் போடுங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முன்னுக்கு 70, பின்னுக்கு 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். 110 அடித்தால் வேகம் கூடும் என்பது பிழையான எண்ணம். கரடான வீதியில் சைக்கிள் துள்ளும், கல் குத்தினால் டயர் வெட்டுப்படும்.

காற்றுப்போவது பெரும்பாலும் நெருஞ்சியாலும் உடைமுள்ளாலும்தான். வீதியை விட்டு ஓரத்துப் புல்லில் சைக்கிளைச் சாய்த்தாலே குத்திவிடும். டியூப்பை மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி காற்றுப்போகிறது என்றால் முள்ளின் நுனி இன்னும் டயருக்குள் இருக்கிறது. டயரில் எழுத்து இருக்கும் இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்துப் பூட்டுங்கள். டியூப்பைக் கழற்றிக் காற்றடித்து ஓட்டையைக் கண்டதும், அது வால்வுக்கு எத்தனை சாண் தள்ளி என்று அளந்தால், டயரில் அதே தூரத்தில் முள் இருக்கும். டியூப்பைப் புரட்டிப் போட்டிருக்கலாம் என்பதால் வால்வுக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். விரலால் தடவினால் விரல் கிழியும். பழைய துணியை டயரின் உட்புறம் இழுத்தால் நூல் சிக்கும் இடத்தில் முள். அதை உள்ளிருந்து வெளியே தள்ளி எடுக்க வேண்டும்.

ஒட்டுப் போடும்போது பசை பூசிய உடனேயே ஒட்டை அழுத்துவதுதான் எல்லோரும் விடும் பிழை. பசையின் மினுக்கம் போய் மங்கும் வரை, ஐந்து நிமிடமாவது விடுங்கள். சூடு வைத்து ஒட்டும் கடையில் ரேஸ் டியூப்பைக் கொடுக்காதீர்கள், மெல்லிய ரப்பர் பொரிந்துவிடும்.

ரேஸ் சைக்கிளுக்கான 700சி அளவு டியூப் கிராமத்துக் கடைகளில் கிடைக்குமென்று நம்பி ஓடக்கூடாது. கிடைக்கும் சாதாரண டியூப்பின் தடித்த வால்வு, பிரெஸ்டா என்னும் மெல்லிய ரேஸ் வால்வுக்குத் துளைத்த ரிம்மின் 6.5 மில்லிமீற்றர் துளைக்குள் போகாது. இரண்டு டியூப், ஒட்டுப்பெட்டி, டயர் நெம்பு, கைப்பம், அதோடு பிரெஸ்டா வால்வில் சாதாரணப் பம்மைப் பொருத்த உதவும் பித்தளை அடாப்டர் ஒன்று கொண்டுபோங்கள். அந்த அடாப்டர் இருந்தால் எந்த ஓட்டோக் கடைப் பம்மும் உதவும்.

இரண்டாவது, மண்டூர்ச் சுற்று. ஏறத்தாழ 75 கிலோமீற்றர். களுவாஞ்சிகுடி தாண்டிக் குருமண்வெளி வரை பிரதான வீதியால் போய், பாதையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர். பாதை என்றால் இங்கே தெரு அல்ல, ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரை அங்கும் இதுதான் வழி. மண்டூர் முருகன் கோயிலடியில் இளைப்பாறி, வெல்லாவெளி, கோவில்போரதீவு வழியாக வடக்கே வந்து பட்டிருப்புப் பாலத்தால் திரும்பக் களுவாஞ்சிகுடி. கச்சானில் இந்தத் திசை பொருந்தும். வாடையிலும் இதையே சொல்வேன், காற்றுக் கணக்கு இங்கே பின்னுக்குப் போகட்டும். காற்று உரத்தாலும் வெள்ளம் வந்தாலும் பாதை ஓடாது. அதைக் குருமண்வெளித் துறையிலேயே தெரிந்துகொண்டால் திரும்பிப் பட்டிருப்பால் போகலாம். மறுதிசையில் ஓடி மண்டூர்ப் பக்கம் வந்து நின்று தெரிந்துகொண்டால், களைத்த காலோடு வந்த வழியெல்லாம் திரும்ப ஓட வேண்டும். துறையில் ஏறும் பலகை எப்போதும் ஈரம். பெடலில் பூட்டும் கிளீட் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

வடக்கே ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை வழியாகக் கல்குடா ஒரு பக்கம் 35 கிலோமீற்றர் அளவு. வீதி நல்லது, ஆனால் போன வழியாலேயே திரும்ப வேண்டும், பஸ்ஸும் அதிகம். வாடைக் காலையில் போனால் வரும்போது சுகம். புகையிரதக் கடவைகளைத் தண்டவாளத்துக்குக் குறுக்காக நேரே வெட்டுங்கள், சரிவாகப் போனால் 28 டயர் அப்படியே இடுக்கில் இறங்கும். பாசிக்குடாவில் மணலுக்குள் சைக்கிளை உருட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பும் மணலும் ஓரிரவு கிடந்தால் காலையில் செயின் செம்மஞ்சளாக இருக்கும். சீற் போஸ்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ் பூசுங்கள், இறுகிப்போன பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

செங்கலடியில் பிரியும் பதுளை வீதி கறுத்தப்பாலம் தாண்டியதும் அழகு. கரடியனாறு கடந்தால் காடு கிட்டும், தூரத்தில் மலையும் தெரியும். தனியாகப் போகாதீர்கள். பிற்பகல் 3 மணிக்கு எங்கே நின்றாலும் செங்கலடியை நோக்கித் திருப்புங்கள். வீதியில் யானையின் புதுச் சாணமும் முறித்த கிளையும் கண்டால் நேரம் பார்க்க வேண்டியதில்லை, அந்த இடத்திலேயே திருப்புங்கள்.