அப்பாவுக்குத் தினம் ஒரு படம்

நவம்பர் 3, வெள்ளி

முருங்கை மரம், அணில், கொடியில் அம்மாவின் சேலை. அப்பா சேலையை மட்டும் சொன்னார்.

நவம்பர் 4

புழக்கடை வாழை. குலை தள்ளியிருக்கிறது, பூவின் நுனியில் ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கியது. மூச்சைப் பிடித்து எடுத்து, டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"வாழை நிக்கி. கிணத்துச் சுவர் தெரியுது."

"வேற?"

"வேற என்ன இருக்கு?"

தேன்சிட்டு இடது ஓரத்தில். "இன்னும் பாருங்கப்பா" என்றால் படத்தின் வலது விளிம்பையும் தாண்டி அலமாரியைப் பார்க்கிறார். டேப்லெட்டின் இடப்பக்கம் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். அதைக் கண்ணால் தேடிப் பிடித்துவிட்டு அங்கிருந்துதான் படத்தைப் பார்க்கத் தொடங்கணும் என்று பிசியோ தம்பி சொல்லியிருக்கிறார். தேடத்தான் செய்கிறார். பாதி வழியிலேயே வாழை இலை இழுத்துக்கொள்கிறது.

தட்டிலும் இதே கதைதான். தோசையின் வலப் பாதி தீர்ந்துவிடும். "இன்னொண்ணு வைக்கலியா?" அம்மா பேசாமல் தட்டை அரைவட்டம் சுற்றி வைப்பாள். "இந்தா, வந்துட்டுல்லா" என்று சாப்பிடுவார்.

நவம்பர் 6

மூடாக்கு. ஜன்னலோரம் கறிவேப்பிலைக் கொத்து. காட்டவில்லை.

நவம்பர் 9

சித்தி வந்திருந்தாள். "ஏட்டி, கண்ணாடியை மாத்திப் பாத்தியளா? நல்ல கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போயேன்." கண்ணில் ஒரு குறையும் இல்லை சித்தி என்று இதோடு எத்தனை பேரிடம் சொல்வது? கண் பார்க்கிறது. மூளையின் வலப்பக்கத்தில் அடி. அதனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கணக்கில் இல்லை. இருட்டாகத் தெரிந்தால்தானே திரும்பிப் பார்க்கத் தோன்றும்? அவருக்கு எதுவும் குறையவே இல்லை. சவரம் செய்துவிட்டு, பாதித் தாடியோடு, "ஆச்சு" என்று கண்ணாடியை என்னிடம் நீட்டுகிறார்.

சித்தி போகும்போது அம்மாவிடம் மெதுவாக, "இவ எதுக்குப் போனும் கையுமா அலையுதா?" என்றாள். கேட்கவேண்டும் என்றே மெதுவாகச் சொன்னது.

நவம்பர் 10

சாயங்காலம் சரியாக ஆறுக்கு, மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் இரட்டை விசில். ஆறுமணிக் குருவி! வடக்கே இருந்து இந்த வருஷமும் வந்துவிட்டது. சருகுக்குள் குதித்துக் குதித்துப் போகுமே தவிர வெளியே வராது. வயிற்றடியில் அந்தச் சிவப்பு, தோளில் நீலம். போனில் எங்கே சிக்கும்? சத்தம் அப்பாவுக்கு இடப்பக்கமிருந்துதான் வந்தது. அவர் வலப்பக்கம் திரும்பி, "தெருவுல கூப்பிடுது பாரு" என்றார்.

நவம்பர் 12, தீபாவளி

முறுக்குச் சட்டி. புகை.

நவம்பர் 13

பெட்டியைக் குடையும்போது கல்யாணப் படம் கிடைத்தது. கல்லிடைக்குறிச்சி ஸ்டுடியோ, திரையில் வரைந்த தூண்கள். இதையும் போனில் எடுத்து, இன்றைய படம் இதுதான் என்று காட்டினேன். "உங்கம்மா" என்றார் உடனே. முகமெல்லாம் சிரிப்பு. "தனியா நிக்கா. நான் அன்னைக்கு எங்க போனேன்?"

அம்மா அடுக்களையிலிருந்து, "மடை திறக்கப் போயிருப்பீக" என்றாள்.

நவம்பர் 17

தாளில் வட்டம் போட்டுக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார் பிசியோ தம்பி. அப்பா பன்னிரண்டு எண்ணையும் வலது அரைவட்டத்துக்குள்ளேயே நெருக்கி எழுதினார். 12 வந்து 6 இருக்கவேண்டிய இடத்தில் நிற்கிறது. கையெழுத்து மட்டும் அழகு, அளவுப் புத்தகத்தில் எழுதுகிற அதே சாய்வெழுத்து. படம் எடுத்தேன். அதை என் கூடப்பிறந்த தம்பிக்கு அனுப்பினேன், பெங்களூரிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாழைச் சருகெல்லாம் வெட்டித் தள்ளினேன். அப்புறம்தான் நினைத்தேன், ஆறுமணிக் குருவி சருகில்தானே மேயும்.

நவம்பர் 18

இருக்கிறது. கூப்பிட்டது.

நவம்பர் 21

காலையில் ஒரே கூச்சல். பேப்பரில் அணை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறார். "பாபநாசம் உச்சநீர்மட்டம் 43 அடின்னு போட்டிருக்கான். எந்தப் பய போட்டான்? மணிமுத்தாறு 18-ஆம்! சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

143. 118. இடப்பக்கத்து 1 இரண்டிலும் போய்விட்டது. எண்ணில்கூடவா?

கன்னடியன் கால்வாயில் மதகு ஷட்டரை ஏற்றி இறக்கியே நரைத்தவர். மலைமேல் ஊத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை, நாலுமுக்கில் எத்தனை என்று கேட்டுவிட்டு ஆற்றில் தண்ணீர் எப்போது கூடும் என்று சொல்வார். "பேப்பர்ல தப்பாப் போட்டுட்டான்" என்று அம்மா சொல்லிச் சமாளித்தாள். அதற்கு ஆசிரியருக்குக் கடிதம் எழுதணும் என்கிறார். நான் சொல்கிறேன், நீ எழுது என்று என்னிடம்.

எழுதிக்கொண்டேன், என்ன செய்ய.

நவம்பர் 24

ராத்திரி தூக்கம் வராமல் போனை நோண்டும்போது தோன்றியது: படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால்? தேன்சிட்டு வலப்பக்கம் வந்துவிடுமே. திருப்பினேன். வந்துவிட்டது.

நவம்பர் 25

காட்டினேன். "அட, தேன்சிட்டு!" எவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. ஆசை விடவில்லை. வீட்டு முகப்பு எடுத்திருந்தேனே, திண்ணையும் செம்பருத்தியும், அதையும் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு வீடு?"

"நம்ம வீடுதாம்ப்பா."

"நம்ம வீட்டுல திண்ணை ஏறும்போது செம்பருத்தி பீச்சாங்கைப் பக்கம்லா நிக்கும்."

பீச்சாங்கை! அந்தப் பக்கம் அவருக்கு நினைவில் இருக்கிறது. பிசியோ தம்பியிடம் போனில் சொன்னேன். "நினைவுலேருந்து சொல்றதும் இப்ப பாக்கிறதும் வேற வேறக்கா. ஆனா திருப்பிப் போடாதீங்க, அவர் தேடணும்" என்றார். சரி. முதலில் நடுவில் வைத்து எடுப்பது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் தள்ளுவது என்று முடிவு. தேன்சிட்டு என் சொல் கேட்டு உட்காருமாக்கும்.

நவம்பர் 26, கார்த்திகை

திண்ணையில் அகல்கள், வரிசையாக. வலக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், நடுவில் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு அகல் இடப்பக்கம் போனார். அதற்குள் அம்மா ஓலைக் கொழுக்கட்டையோடு வந்துவிட்டாள். பனையோலை வாசம் வந்ததும் அகலாவது ஒன்றாவது.

நவம்பர் 30

அடுத்த தெரு அப்பளக்கார அத்தை வீட்டில் வெயில் கண்டதும் பாய் விரித்துவிட்டார்கள். பிரண்டைச் சாறு பிசைந்த மாவின் நெடி தெருமுனை வரைக்கும். மேலிருந்து எடுக்கட்டுமா என்றதற்கு, "எடு மக்கா, ஆனா நிழல் விழாம எடு" என்றாள். அப்பாவுக்குப் பரீட்சை வைக்க இதைவிட நல்ல படம் கிடையாது. எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்துவிட்டு, "பாதிப் பாய் காலியாக் கிடக்கே, இன்னும் உளுந்து வாங்கலியாமா?" என்றார்.

டிசம்பர் 4

சென்னையில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் என் அறையில் முழங்கால் அளவு தண்ணீராம். என் மேஜை? ஆபீஸில் போனை எடுக்கவில்லை, நானும் இரண்டாவது தடவை போடவில்லை. இங்கே சுள்ளென்று வெயில். படம்: செம்பருத்தி.

டிசம்பர் 8

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அவரோடு பேசுகிறவர்கள் இடப்பக்கம் உட்காரணும், அப்போதுதான் திரும்பப் பழகுவார் என்பது ஏற்பாடு. அம்மா ஒரு வாரமாக அங்கேதான் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளுகிறாள். இன்று மத்தியானம் அப்பா என்னிடம், "உங்கம்மா எங்க போனா? காலையிலேருந்து ஆளையே காணோம்" என்றார். அவள் முழங்கை அவர் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அம்மா சத்தம் காட்டவில்லை. நான் கூப்பிடச் சொல்லிக் கண் காட்டினேன், மாட்டேன் என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் வந்து, "இந்தா இருக்கேன்" என்றாள். "எங்க போயிருந்த?" "கடைக்கு."

படம் எடுக்கவில்லை.

டிசம்பர் 9

அம்மா இன்று மறுபடியும் இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். வெற்றிலைச் செல்லத்தை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தாள். ஒருதரம் திரும்பினார்.

டிசம்பர் 13

இடது கை லேசாக வீங்கியிருக்கிறது. தொங்கவிட்டே வைத்திருப்பதால் இருக்கும், தலையணை மேல் உயர்த்தி வையுங்கள் என்கிறார் பிசியோ தம்பி. வைத்தால், "யாரு கையிது?" என்கிறார். வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன்.

டிசம்பர் 14

வீக்கம் அப்படியே. மூக்கன் பறவை ஒன்று வரப்பில்.

டிசம்பர் 17, மார்கழி 1

விடியும் முன்னே தொடங்கிய மழை. விடவில்லை. கோலம் போடவில்லை. முற்றத்துத் தூம்பு வாங்கவில்லை, தண்ணீர் படியேறி நிற்கிறது. மலை இருந்த இடத்தில் மலை இல்லை. எதை எடுத்தாலும் வெள்ளை.

அப்பா காலையிலிருந்து ஒரே பேச்சு: "மேல எல்லாம் நிறைஞ்சு கிடக்கும். இனி வர்றதை அப்படியே விடுவான். தலைமதகை இறக்கிட்டானா? கேட்டுச் சொல்லு." யாரிடம் கேட்க? மத்தியானத்துக்கு மேல் கரண்ட் இல்லை.

டிசம்பர் 18

போனில் கோடே இல்லை. ஆற்றின் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. டேப்லெட் செத்துவிட்டது. கைவிளக்கில் பழைய படங்களைச் சொல்லிச் சொல்லியே காட்டினேன்: வாழை, கிணறு, இடப்பக்கம் என்ன? "தேன்சிட்டு" என்றார், கொட்டாவி விட்டபடி. மனப்பாடம்.

டிசம்பர் 20

இரண்டு நாள் பேப்பர் சேர்ந்து வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பேர் சோறு தண்ணியில்லாமல் கிடந்திருக்கிறார்கள். ஏரல் பக்கத்துப் படங்களைப் பார்க்க முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அப்பா வாங்கி வாசித்தார். "5 செ.மீ. மழைக்கா இந்தப் பாடு?" அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

கை நேற்றைவிட வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு.

டிசம்பர் 21

முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. பஸ்ஸை நம்ப முடியாது, சித்தப்பா கார் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட் எல்லாம் மஞ்சள் பையில். சார்ஜர் எடுக்கணும்.