ஐம்பது வயது தாண்டிய அலுமினிய வீட்டோடு நியூ மெக்சிகோவில்

175 டாலர்! ட்ரெய்லருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, இரண்டு போட்டோ எடுத்ததற்குக் கூலி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் குரூசெஸ் பக்கத்தில் இருக்கும் அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். ஆனால் ரசீது இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க எரிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து மாநிலமான டெக்சாஸின் எல் பாஸோவில் இருக்கும் என் மச்சான் 1973ஆம் வருடத்து ஏர்ஸ்ட்ரீம் ஒன்றை வாங்கினார். 27 அடி நீளம், இரண்டு அச்சு, நான்கு சக்கரம், பளபளவென்று அலுமினிய உடம்பு. பிக்அப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய வாலி பயம் 1959இல் இந்த ட்ரெய்லர்களை வரிசை கட்டி, கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு கிளம்பியவர். இது தெரிந்த நாளிலிருந்து மச்சானைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ஆப்பிரிக்காவையே தாண்டியிருக்கு மாப்ள, இந்தா இருக்கற நியூ மெக்சிகோவுக்கு என்ன?" என்றார். தாண்டியபோது அவை புது வண்டிகள் மச்சான் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வழி: எல் பாஸோ, லாஸ் குரூசெஸ், ஹாட்ச், டெமிங், கடைசியில் சிட்டி ஆஃப் ராக்ஸ் மாநிலப் பூங்கா. பழைய ட்ரெய்லர் வாங்க ஆசைப்படும் நண்பர்கள் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். டயர், பிரேக், கரண்ட், கேஸ், தண்ணீர் என்று வரிசையாகச் சொல்கிறேன். உள்ளே சோபா துணியும் திரைச்சீலையும் கடைசி. எல்லாரும் அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள், மச்சான் உட்பட.

டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறது என்று விற்றவர் பெருமைப்பட்டார். பட்டனை யார் கேட்டார்கள்? பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2311 என்றிருந்தால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் வெயிலில் நின்றே செத்துப்போகும் ரப்பர் அது. நான்கையும் மாற்றியதில் முதல் 600 டாலர் போச்சு.

அச்சும் ரப்பர் சமாச்சாரம்தான். இந்த வண்டிகளில் பட்டை ஸ்பிரிங் கிடையாது. அச்சுக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகளை அடைத்திருக்கிறார்கள், அவை முறுகித்தான் குலுக்கலைத் தாங்குகின்றன. ஐம்பது வருடத்தில் எந்த ரப்பரும் கல்லாகிவிடும், அதைக் குறை சொல்ல முடியாது. சக்கரத்தைத் தாங்கும் கை குழாயிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். படுக்கை வசமாகவோ மேல்நோக்கியோ இருந்தால் ரப்பரின் ஆயுள் முடிந்துவிட்டது. குலுக்கல் அத்தனையும் உடம்புக்கு ஏறி, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டுகள் தெறிக்கும். எங்கள் வண்டியின் கைகள் படுத்தேவிட்டன. மெதுவாகத்தான் போனோம்.

இப்போது அந்த 175 டாலர். எல் பாஸோ தாண்டியதுமே ட்ரெய்லர் பிரேக் பிடிமானம் இல்லாமல் வந்தது. பயந்துபோய் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். "நாலு சக்கரத்துக்கும் புது பிரேக், வயரிங் முழுக்கப் புதுசு, 4,200 டாலர்" என்றார் அந்த மனிதர். சக்கரத்தைக் கழற்றவே இல்லை! மச்சான் பேனாவைத் திறந்துவிட்டார். அப்புறம் யோசிக்கலாம் என்று இழுத்துக்கொண்டு வந்து, ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன்.

இந்த பிரேக் மின்காந்தத்தில் வேலை செய்கிறது. சக்கரத்துக்கு ஒரு காந்தம், ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் இழுக்க வேண்டும். நான்கும் சேர்ந்து 12 வர வேண்டும். பிக்அப்புக்குள்ளிருந்து மனைவி ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் நெம்புகோலை அழுத்தினாள், மீட்டரில் வந்தது 5. நான்கு காந்தங்களையும் தனித்தனியாக அளந்தால் நன்றாகத்தான் இருந்தன. அப்படியானால் வழியில் எங்கோ அடைப்பு. இழுப்புக் கொக்கிக்குப் பின்னால் எர்த் வயரைச் சட்டத்தோடு முடுக்கியிருக்கும் போல்ட், துருவில் பொரிந்துபோய் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனைக்குப் புது வளையம் மாட்டி முடுக்கினேன். மீட்டர் 12ஐத் தொட்டது. செலவு இரண்டு டாலர்கூட இல்லை. பழைய ட்ரெய்லரில் விளக்கு மினுக்கினாலும் பம்ப் முனகினாலும் முதலில் எர்த்தைப் பாருங்கள், பாதி நோய் அங்கேதான். கையோடு அவசர பிரேக் பின்னையும் பிடுங்கிப் பார்த்தோம். ட்ரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றுவிட்டால் அதன் சொந்த பேட்டரியிலேயே சக்கரங்கள் இறுக வேண்டும். இறுகின.

அந்தச் சந்தோஷத்தில் ஹாட்ச் போய்ச் சேர்ந்தோம். செப்டம்பர் மாதம், மிளகாய் அறுவடைக் காலம். ரோட்டோரமெல்லாம் கம்பிக்கூண்டில் பச்சை மிளகாயைப் போட்டு, கேஸ் தீயில் சுற்றிச் சுற்றிச் சுடுகிறார்கள். அந்த வாசனைக்கு ஜன்னலை மூட மனம் வராது. எந்த மிளகாய்க் குழம்பு வேண்டும் என்று கடையில் கேட்கும் "சிவப்பா, பச்சையா?" என்பதுதான் நியூ மெக்சிகோவின் அதிகாரபூர்வமான மாநிலக் கேள்வி, சட்டமே போட்டிருக்கிறார்கள்! இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். ஒரு சின்னக் கடையில் பச்சை மிளகாய் பரிட்டோ சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு, முட்டை, மேலே சுட்ட மிளகாய்க் குழம்பு. காரம் நாக்கில் குத்தாமல் தொண்டையில் இறங்கி நிற்கிறது. அமெரிக்காவில் இத்தனை வருடத்தில் சோறு இல்லாமல் வயிறும் மனசும் நிறைந்த சாப்பாடு இதுதான். 9 டாலர். இன்னொன்று கட்டி வாங்கியதற்கு மனைவி முறைத்தாள், ராத்திரி அதில் பாதியை அவள்தான் சாப்பிட்டாள்.

ராத்திரி டெமிங் அருகே ஒரு தனியார் முகாம், 45 டாலர். அங்கே கரண்ட் கம்பத்தில் பிளக்கைச் சொருகும் முன் மூன்று விளக்கு டெஸ்டரை மாட்டினேன். எர்த் இல்லை என்றது. மல்டிமீட்டரும் அதையே சொன்னது. அலுமினிய உடம்பு வண்டிக்கு இது விளையாட்டு இல்லை. உள்ளே எங்கேயாவது கசிவு இருந்தால் வெளி உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும், ஈரத் தரையில் நின்று கதவுப்பிடியைத் தொட்டால் முடிந்தது கதை. முதலாளியிடம் சொன்னால், "தினமும் ஆட்கள் தங்குகிறார்கள், யாரும் புகார் சொன்னதில்லை" என்கிறார். வேறு கம்பம் இல்லையாம், பணமும் திரும்பக் கிடையாதாம். சொருகாமலே பேட்டரியில் இரவை ஓட்டினோம். முந்தின மாதம் பழைய சார்ஜரைத் தூக்கிப் போட்டுப் புதிது வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் காலத்து சார்ஜர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஊட்டிக்கொண்டே இருந்து பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்.

சிட்டி ஆஃப் ராக்ஸ் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய சாம்பல் இறுகி, காற்றும் மழையும் அரித்து, 40 அடி வரை உயரமுள்ள தூண்களாக நிற்கிறது. தூண்களுக்கு நடுவில்தான் முகாம் இடங்கள். டெமிங் முகாமைவிட மலிவு, ஆயிரம் மடங்கு அழகு. பெரும்பாலான இடங்களில் கரண்ட் கிடையாது, அதனால் ஃபிரிட்ஜ் கேஸில்தான் ஓட வேண்டும். சிறு தீயின் சூட்டில் அம்மோனியா ஓடி உள்ளே குளிரும், மோட்டாரே இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் ஓட்டம் நின்று யூனிட்டே கெட்டுவிடும். பின்பக்கத்தில் மஞ்சள் பொடியோ அம்மோனியா நெடியோ இருந்தால் அந்த ஃபிரிட்ஜைத் தொடாதீர்கள். மரக்கட்டை வைத்து மட்டம் பார்த்தே மச்சானுக்கு இடுப்பு போனது. இட்லி மாவு பொங்காமல் நின்றது, அதுதான் எங்கள் வீட்டு அளவுகோல்.

கேஸ் சோதனையை ஊரிலேயே முடித்திருந்தோம். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம், ரெகுலேட்டரைக் கேள்வியே இல்லாமல் மாற்றினோம். வண்டியோடு வந்த பழைய சிலிண்டர்கள் அழகாக இருந்தன, ஆனால் அளவுக்கு மீறி நிரம்புவதைத் தடுக்கும் வால்வு அவற்றில் இல்லை. 2002 முதல் அது இல்லாத சிலிண்டரை நிரப்பித் தர மாட்டார்கள். புதிதாக இரண்டு வாங்கினோம், இன்னொரு செலவு. புரொப்பேன் காற்றைவிடக் கனம், அதனால் கசிவு அலாரத்தைத் தரையோரம் மாட்ட வேண்டும்.

தண்ணீர்தான் கடைசியில் காலை வாரியது. குழாயெல்லாம் மூடியிருக்க, நடுராத்திரியில் பம்ப் தானாக 'டுர்ர்' என்றது. யாரும் திறக்காமல் பம்ப் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஹீட்டருக்குப் பின்னால் செம்புக் குழாயின் வளைவில் மயிரிழை வெடிப்பு, ஏதோ ஒரு குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து வெடித்திருக்கும். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் இணைப்பு ஒன்றை மாட்டி அடைத்தோம். ஒழுகல் என்றதும் தரையைப் பாருங்கள். கீழே பிளைவுட், பின்பக்கக் குளியலறை மூலையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கக் கூடாது. எங்களுடையது தப்பித்தது.

இன்னொன்று. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் கழிப்பறைக்கு மட்டும்தான் டேங்க். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் குளித்த தண்ணீருக்கும் கிடையாது, நேரே வெளியே போகும். பூங்காவில் அதைத் தரையில் விட முடியாது. சக்கரம் வைத்த தனி டேங்க் வாங்கி, கொட்டும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம், தினமும். அதற்கு ஒரு 130 டாலர். விற்பவர் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார், பேரம் பேசும்போதே கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.