வாரிசு சான்றிதழுக்கு அலைஞ்சதுல நாத்தனார் கிடைச்ச கதை

கல்யாணமாகி எட்டு மாசத்துல மாமனார் தவறிட்டாரு, உயில் இல்ல. கோயம்புத்தூர் பக்கம் மில்லு, தோட்டம்னு பெரிய குடும்பம், ஆனா ஈ-சேவை மையத்துல க்யூல நிக்க ஒருத்தருக்கும் வராது, அதனால புது மருமக நான்தான் ஃபைலைத் தூக்கிட்டுப் போனேன். இறப்புச் சான்றிதழ், ஆதார், அறுபது ரூபா ஃபீஸ், அப்ளை பண்றதெல்லாம் பத்து நிமிஷ வேலை. அத்தை, மூத்தார், என் வீட்டுக்காரர்னு மூணு பேரு போட்டேன்.

வி.ஏ.ஓ. கூப்பிட்டாருன்னு போனா அவரு லீவு. மறுநாள் போனா தலையைக்கூட நிமிர்த்தாம "பொண்ணு பேரு எங்கம்மா?"ங்குறாரு. இவங்களுக்கு ரெண்டும் பசங்கதான் சார்னு நான் அடிச்சுச் சொல்றேன், பக்கத்துல தலையாரி சிரிப்பை அடக்கிட்டு நிக்கிறாரு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல.

வீட்ல கேட்டா மூத்தார், "அவ எங்களுக்குச் செத்து பதினெட்டு வருஷமாச்சு"ன்னாரு. வேற சாதியில கட்டிக்கிட்டாங்களாம், அவ்வளவுதான் குத்தம். என் வீட்டுக்காரர் தட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பாகிட்ட "நாங்க ரெண்டே பேரு"ன்னு சொன்னதே இவருதான், அந்தக் கோவம் இன்னும் போகல.

கட்டிக்குடுத்த பொண்ணே வாரிசு இல்ல, இவ ஓடிப்போனவன்னு சொல்லி மூத்தார் நோட்டரி அஃபிடவிட்டோட என்னைத் திரும்ப அனுப்பினாரு, அதுவும் தண்டம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே அப்பா சம்பாதிச்சதுல மகளுக்குப் பங்கு இருக்கு, பூர்வீகச் சொத்துலயும் நம்ம ஸ்டேட்ல 1989லயே குடுத்தாச்சு, மறைச்சு வாங்கினா கேன்சல் ஆகும்மான்னு வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) பொறுமையா சொன்னாரு. அப்ளிகேஷன் ரிஜெக்ட்.

அன்னைக்கு ராத்திரி அத்தை கிச்சனுக்கு வந்து போனை நீட்டினாங்க. "கேஸ் புக்கிங்"னு சேவ் பண்ணியிருக்காங்க, அதுதான் மக நம்பர். வாரா வாரம் கேஸ் புக் பண்ற வீடு எங்க வீடு!

நாத்தனார் மறுநாளே ஆதார் ஜெராக்ஸ் அனுப்பிட்டாங்க. மறுபடி அறுபது ரூபா, மறுபடி ரெண்டு நடை. மூத்தார் உடனே, பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்குற விடுதலைப் பத்திரம்னு ஆரம்பிச்சாரு, அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க அண்ணின்னு நானே சொல்லிட்டேன், அதுலேர்ந்து அவரு என்கூடப் பேசுறதில்ல.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி வீட்டுப் பழைய ரேஷன் கார்டைத் தேடிப் பாருங்க, எனக்கு அது அப்புறம்தான் கிடைச்சது, நாத்தனார் பேரு அதுல இருந்துச்சு. இறந்தவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்களும் வாரிசுதான், விட்டுடாதீங்க. சான்றிதழ் வந்ததும் பட்டா, பேங்க்னு எல்லாரும் கேப்பாங்க, அஞ்சு காப்பி போட்டேன். எனக்கும் ஒண்ணு குடுன்னு அத்தை வாங்கி பீரோல வச்சுக்கிட்டாங்க.