டிஸ்கோ பாட்டில் மூச்சு எங்கே எடுப்பது: பத்து வாரப் பயிற்சி

பத்து வாரமாகக் காலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்கி, எழுபதுகளின் டிஸ்கோ பாடகிகளின் பாட்டுகளைக் கரோக்கி டிராக்கோடு பாடிப் பழகுகிறேன். குளோரியா கேனர், தெல்மா ஹூஸ்டன், டோனா சம்மர், டயானா ராஸ், இந்த நாலு பேர்தான். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் வர்ணம் வரை கற்றுக்கொண்டது இருக்கிறது, அதனால் சுருதி பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை மூச்சு.

முதலில் எடுத்தது கேனரின் 'ஐ வில் சர்வைவ்'. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, கல்யாண வரவேற்பில்கூட ஒலிக்கிறது, சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்தேன். நாலு வாரம் ஆனது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஆறு கட்டை சுருதியில், மைனர் என்கிற சோகச் சாயல் கொண்ட சுர வரிசையில், எட்டு கார்டுகள் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) வரிசையாக வருகின்றன. பாட்டு முடியும் வரை அதே எட்டுதான் சுற்றிச் சுற்றி வருகின்றன, பல்லவிக்கென்று தனி வரிசை கிடையாது. கடைசி கார்டில் மட்டும் காகலி நிஷாதம், அதாவது மேல் 'ஸ'வை ஒட்டி நிற்கும் 'நி', எட்டிப் பார்த்து, திரும்பவும் ஆதார சட்ஜத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதாவது எது சரணம், எது பல்லவி என்று பின்னணி உங்களுக்குச் சொல்லாது, குரல்தான் சொல்ல வேண்டும். இதில் கேனருக்குப் பின்பாட்டு பாடுபவர்களும் இல்லை. நாம் மூச்சு எடுக்கும் அந்த அரை வினாடியை மூடி மறைக்க ஆளே இல்லை.

அரை வினாடி என்று சும்மா சொல்லவில்லை. மெட்ரோனோமை வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 117 அடி வருகிறது. ஒரு அடிக்கு அரை வினாடிதான். வரிகளோ பெரும்பாலும் சமத்துக்கு, அதாவது தாளச் சுற்றின் முதல் அடிக்கு, முன்பே புறப்பட்டுவிடுகின்றன. கர்நாடக சங்கீதக் கணக்கில் இது அதீத எடுப்பு. ஆக முந்தைய வரியின் கடைசிச் சொல்லைச் சுருக்கி, மூச்சை வாங்கி, சமம் விழுவதற்குள் அடுத்த வரியைத் தொடங்கியிருக்க வேண்டும். நான் சமத்தில் தொடங்கினேன், பாட்டே தூங்கி வழிந்தது.

ஒருநாள் அம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவ முதல்ல விருத்தம் மாதிரி எடுக்கறா, அப்புறம்தான் பாட்டுக்குப் போறா. நீ விருத்தத்தையே தாளம் போட்டுப் பாடற" என்றார். விருத்தம் என்றால் தாளமில்லாமல் சாவகாசமாகப் பாடுவது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லாமே மாறியது. பியானோ ஒரு ஓட்டம் ஓடி நின்றதும், அந்த எட்டு கார்டின் முதல் சுற்று முழுக்க கேனர் சாவகாசமாகப் பாடுகிறார், இரண்டாவது சுற்றில்தான் டிரம்ஸ் உள்ளே வருகிறது. அந்த முதல் சுற்றில் நிதானமாக நின்றால் தாளம் வரும்போது உடம்பு தயாராக இருக்கிறது. நோட்டில் பாட்டை எழுதி, மூச்சு எடுக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் சின்ன டிக் போட்டேன். முதல் வாரம் 41 டிக் இருந்தது, நாலாவது வாரக் கடைசியில் 26.

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, முதுகில் பிரேஸ் (முதுகை அசையாமல் பிடிக்கும் இறுக்கமான பட்டை) மாட்டிய நிலையில்தான் கேனர் இதைப் பாடிப் பதிவு செய்தார். விலா விரியாமல் மூச்சு எடுப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு துப்பட்டாவை இடுப்பிலிருந்து மார்பு வரை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாடினேன். இரண்டாவது சுற்றுக்கு மேல் போக முடியவில்லை. 1978ல் 'சப்ஸ்டிட்யூட்' என்ற பாட்டின் இசைத்தட்டில் பின்பக்கப் பாட்டாக வெளிவந்து, டிஜேக்கள் திருப்பிப் போட்டுப் போட்டே மேலே வந்த பாட்டு இது. அதைக் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த பிரேஸ்தான் ஞாபகம் வருகிறது.

ஐந்தாவது வாரம் தெல்மா ஹூஸ்டனின் 'டோன்ட் லீவ் மீ திஸ் வே'. ஹெரால்ட் மெல்வின் குழு முன்பே பாடியதை 1976ல் இவர் எடுத்துப் பாடினார். ஆரம்பம் கிட்டத்தட்ட காதில் சொல்வது போல, மூச்சுக் காற்றோடு கலந்த குரல். பிறகு படிப்படியாக ஏறிப் பல்லவியில் திறக்கிறது. நான் ஏறும் இடத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுப் பல்லவியில் கத்தினேன். மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது, சுடுதண்ணீரும் மௌனமும்தான். திரும்ப வந்தபோது ஏறும் பகுதியைப் பாதிச் சத்தத்தில் வைத்துக்கொண்டேன், அது உதவியது. ஹூஸ்டன் காஸ்பல் குழுவில், அதாவது கிறிஸ்தவ பக்திப் பாடல் குழுவில், பாடிப் பழகியவர். மெதுவாகத் தொடங்கிக் கூட்டத்தையே மேலே தூக்கிக்கொண்டு போகும் வித்தையை அங்கிருந்துதான் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

டயானா ராஸின் 'லவ் ஹேங்ஓவர்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெதுவாகப் போய் நடுவில் சட்டென்று வேகம் மாறுகிறது. அந்த இரண்டாம் பகுதியில் அவர் சிரித்துக்கொண்டே பாடுகிறார், அது எனக்கு வரவில்லை, விட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்', 1977. மியூனிக்கில் ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் மூக் சின்தசைசரில் கட்டிய பாட்டு. பாஸ் டிரம் மட்டும் கீத் ஃபோர்சி வாசித்தது. சொற்கள் குறைவு, எளிது என்று நம்பி இறங்கினேன். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், பாஸ் ஒரு காதில் அடிக்க, அதன் எதிரொலி அடுத்த காதில் அடிக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் அந்த ஓட்டம். மனிதர் வாசித்தால் பாடுபவருக்காக ஒரு நூலிழை இழுத்துக் கொடுப்பார், இயந்திரம் கொடுக்காது. அதன் மேல் சம்மர் தலைக்குரலில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் நீட்டி மிதக்கவிடுகிறார். மெழுகுவர்த்தியை ஒரு சாண் தூரத்தில் வைத்து, சுடர் அசையாமல் அந்த நீட்டலைப் பாடிப் பழகினேன். எட்டாவது வாரம் ஒன்பது வினாடி நின்றது. இப்போது பதினான்கு.

இந்த வாரம் அவருடைய 'லாஸ்ட் டான்ஸ்' தொடங்கியிருக்கிறேன். 1978ல் வந்தது, பால் ஜபாரா எழுதியது, ஆஸ்கர் வாங்கியது. மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, நடுவில் மறுபடி மெதுவாகி, திரும்ப வேகமெடுக்கிறது. அந்த நடு இறக்கத்தில் மூச்சை மீட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், நீண்ட சுரங்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. நேற்றுவரை 33 டிக்.