டீ ஆற்றும் கை

இன்று விடியற்காலையில் தெருமுனை டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். மாஸ்டர் அண்ணன் டீ ஆற்றுவதைப் படமெடுக்க.

முதலில் 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8, அதாவது லென்ஸ் துளை அகலத் திறந்து; ஷட்டர் 1/1000 நொடி. டீ அந்தரத்தில் அப்படியே உறைந்து நின்றது, ஓரத்தில் சிதறிய துளிகள் மணி மணியாக. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில், என் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில், சுமார் 3 செ.மீ. ஆழத்துக்குத்தான் தெளிவு. டம்ளர் படத்தில் பளிச்சென்று விழுந்தது, அதைப் பிடித்த விரல்கள் கலங்கிப்போயின. எனக்கு வேண்டியதே அந்த விரல்கள்தான்! சூடு பட்டுப் பட்டு நுனி காய்த்துப்போன விரல்கள்.

சரி, தெளிவின் ஆழம் கூடட்டும் என்று துளையைச் சுருக்கி எஃப் 8-க்குப் போனேன். ஆனால் துளை அவ்வளவு சுருங்கினால் வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகிவிடும். ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்கி, கை ஆடாமல் இருக்க முழங்கையைக் கடைத்தூணில் ஊன்றிக்கொண்டேன். இப்போது டீ பட்டு நூல்போல இறங்கியது. மேல்கை ஏறிக்கொண்டே இருக்கும், கீழ்க்கை மட்டும் ஒரு நொடி நிற்கும். அந்த நொடியில் அழுத்த வேண்டும். நாற்பது படங்களில் இரண்டு அமைந்தன. அதில் ஒன்றுதான் இது.

அப்புறம் அண்ணனிடம் காட்டினேன். டீயை விட்டுவிட்டு, தன் விரல்களைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.